டெக்சாஸ்ல துப்பாக்கி லைசென்ஸ் (எல்டிசி) வாங்குறது எப்படி, வாங்கினப்புறம் எங்கெல்லாம் கழட்டி வைக்கணும்

பொங்கல் பாட்லக்ல ஒரு நண்பர் கேட்டார், "2021லேர்ந்து இங்க லைசென்ஸே வேணாம்னு ஆயிடுச்சே, நீ எதுக்குடா காசு குடுத்து நாள் பூரா கிளாஸ்ல போய் உக்காந்த?"ன்னு. நியாயமான கேள்விதான். டாலஸ் பக்கம் பதினோரு வருஷமா இருக்கேன், அதுல கிரீன் கார்டு வர்ற வரைக்கும் துப்பாக்கிய தொட்டதே இல்ல, வந்தப்புறம் ஒரு வருஷம் யோசிச்சு எல்டிசி எடுத்தேன். எல்டிசின்னா லைசென்ஸ் டு கேரி, அதாவது கைத்துப்பாக்கிய கூடவே கொண்டு போறதுக்கான லைசென்ஸ், மறைச்சு வச்சுக்கவும் செய்யலாம், ஹோல்ஸ்டர்ல வெளிய தெரியவும் வச்சுக்கலாம், ரெண்டுக்கும் ஒரே கார்டு. வாங்க வேணுமா வேணாமான்னு நான் சொல்லப் போறதில்ல, அது உங்க வீட்டு விஷயம். வாங்குறதுன்னு முடிவு பண்ணா எப்படி, எங்க நம்ம ஆளுங்க மாட்டிக்கிறாங்கன்னு மட்டும் சொல்றேன். ஒண்ண இப்பவே சொல்லிடறேன், சுடக் கத்துக்கறது இதுல கால்வாசி கூட கிடையாது, மீதி முக்காவாசியும் எந்த வாசல்ல நின்னு திரும்பி வண்டிக்குப் போகணும்னு தெரிஞ்சுக்கறதுதான்.

விசாவுல இருக்கீங்களா, இத படிச்சிட்டு மேல போங்க

எச்1பி, எச்4, எல்1, எஃப்1, பி2 இதெல்லாம் நான்-இமிகிரன்ட் விசா, அதாவது வேலை, படிப்பு, சுற்றுலான்னு தற்காலிகமா வர்றவங்களுக்கு. ஃபெடரல் (மத்திய அரசு) சட்டப்படி இந்த விசாவுல இருக்கறவங்க துப்பாக்கியோ தோட்டாவோ வச்சிருக்கவே கூடாது. வாங்குறது மட்டும் இல்லங்க, கையில வச்சிருக்கறதே தப்பு. ஆபீஸ் டீம் அவுட்டிங்னு ஷூட்டிங் ரேஞ்சுக்கு போய் வாடகை துப்பாக்கிய பிடிச்சு ஃபோட்டோ எடுத்து ஃபேஸ்புக்ல போடறாங்களே, அதுல பாதி பேருக்கு இது தெரியாது. விதிவிலக்கு இருக்கு, அதுல நம்ம ஆளுங்க அதிகமா கேள்விப்படறது செல்லுபடியாகுற ஹன்டிங் லைசென்ஸ். டெக்சாஸ்ல ரெசிடென்டுக்கு அது 25 டாலர், பலரும் அத எடுத்துட்டுதான் ரேஞ்சுக்கே போறாங்க. ஆனா அத நம்பி துப்பாக்கி வாங்கி இடுப்புல சொருகிட்டு திரியறதுக்கு முன்னாடி ஒரு இமிகிரேஷன் வக்கீல்கிட்ட அரை மணி நேரம் பேசிடுங்க. கிரீன் கார்டு அப்ளிகேஷன் (ஐ-485) பெண்டிங், வேலை பர்மிட் (ஈஏடி) கையில இருக்குங்கறவங்களும் அதே மாதிரி கேட்டுட்டு செய்யுங்க, வாட்ஸ்அப் குரூப்ல கேட்டுட்டு செய்யாதீங்க.

கிரீன் கார்டு இருந்தா வாங்கலாம், எல்டிசியும் எடுக்கலாம். ஆனா சிட்டிசனுக்கும் நமக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கு. துப்பாக்கி சம்பந்தப்பட்ட குற்றத்துல தண்டனை ஆச்சுன்னா கிரீன் கார்டு இருக்கறவன நாடு கடத்தவே சட்டத்துல இடம் இருக்கு. பக்கத்து வீட்டுக்காரர் ஒரு தப்பு பண்ணா வக்கீல் வச்சு ஃபைன் கட்டி முடிச்சுடுவார், அதே தப்ப நாம பண்ணா வீடு, வேலை, பிள்ளைங்க படிப்பு எல்லாம் சேர்ந்து ஆட்டம் காணும். நான் கிளாஸ்ல போய் உக்காந்ததுக்கு மொத காரணமே இதுதான்.

லைசென்ஸ் இல்லாமலே கேரி பண்ணலாம்னா எதுக்கு லைசென்ஸ்

கொஞ்சம் பழைய கதை. 1991 அக்டோபர்ல கில்லீன் ஊர்ல லூபீஸ்னு ஒரு கஃபெட்டீரியா, ஒருத்தன் பிக்கப் டிரக்க கண்ணாடிய உடைச்சுகிட்டு உள்ள ஓட்டிட்டு வந்து 23 பேர சுட்டுக் கொன்னான். அப்ப உள்ள சாப்பிட்டுட்டு இருந்த சுசானா ஹப்ங்கறவங்ககிட்ட துப்பாக்கி இருந்துச்சு, ஆனா அன்னைக்கு சட்டத்துல மறைச்சு கொண்டு போக வழி இல்லைங்கறதால கார்லயே வச்சுட்டு வந்திருந்தாங்க. அவங்க அப்பா அம்மா ரெண்டு பேரும் அன்னைக்கு அங்கயே செத்தாங்க. அதுக்கப்புறம் ஊர் ஊரா போய் சாட்சி சொல்லி, 1995ல அப்ப கவர்னரா இருந்த ஜார்ஜ் புஷ் கையெழுத்து போட்டு, 1996லேர்ந்து லைசென்ஸ் குடுக்க ஆரம்பிச்சாங்க. ஹப் அப்புறம் மாநில சட்டசபைக்கே ஜெயிச்சு போனாங்க. 2016ல லைசென்ஸ் இருந்தா வெளிய தெரியற மாதிரி வச்சுக்கலாம்னு ஆச்சு, 2021 செப்டம்பர் 1லேர்ந்து 21 வயசு முடிஞ்சவங்க, சட்டத்துல தடை எதுவும் இல்லாதவங்க, லைசென்ஸே இல்லாம கேரி பண்ணலாம்னு ஆச்சு. 2024 வரைக்கும் கணக்கு பாத்தா இந்த மாதிரி பர்மிட் வேணாம்னு சொன்ன மாநிலங்க 29.

அப்ப எதுக்கு லைசென்ஸ்? மொதல்ல ஸ்கூல். ஃபெடரல் சட்டத்துல ஸ்கூல சுத்தி 1000 அடிக்குள்ள துப்பாக்கி வச்சிருக்கறது குற்றம், அந்த மாநிலமே குடுத்த லைசென்ஸ் இருந்தா விலக்கு. பிளேனோ, ஃபிரிஸ்கோ மாதிரி ஊர்ல ஸ்கூலோட 1000 அடிய தொடாம வீட்டுலேர்ந்து காஸ்ட்கோ வரைக்கும் போய் காமிங்க பாப்போம். லைசென்ஸ் இல்லாம இடுப்புல வச்சுகிட்டு பிள்ளைய ட்ராப் லைன்ல இறக்கி விடறவர் மாநில சட்டப்படி ஒண்ணும் பண்ணல, ஃபெடரல் சட்டப்படி குற்றவாளி. இத நான் சொன்னதும் பாட்லக் நண்பர் கையில இருந்த வடைய தட்டுல வச்சுட்டார்.

அடுத்தது ஏர்போர்ட். மறந்து போய் பேக்ல துப்பாக்கியோட செக்யூரிட்டி வரைக்கும் போயிடறவங்க நிறைய, டிஎஃப்டபிள்யூ (டாலஸ்) ஏர்போர்ட் இந்த விஷயத்துல நாட்டுலயே முன்வரிசையில இருக்கு. எல்டிசி இருந்து, செக்யூரிட்டி ஆளுங்க சொன்ன உடனே நீங்க வெளிய போயிட்டீங்கன்னா மாநில சட்டத்துல ஒரு பாதுகாப்பு இருக்கு. அதுக்காக டிஎஸ்ஏ (ஏர்போர்ட் செக்யூரிட்டிய பாத்துக்கற ஃபெடரல் ஏஜென்சி) விட்டுடும்னு நினைக்காதீங்க, அவங்க போடற சிவில் அபராதம் தனி, ஆயிரக்கணக்குல வரும்.

இது போக வேற மாநிலத்துக்கு போகும்போது கார்டு இருந்தா மதிப்பு, கடையில புதுசா துப்பாக்கி வாங்கும்போது உங்க பின்னணிய சரிபாக்குற ஃபோன் செக் காத்திருப்பும் இல்ல (ஃபார்ம் நிரப்பித்தான் ஆகணும்).

இப்ப ஸ்டெப் ஸ்டெப்பா

அப்ளை பண்றதுக்கு முன்னாடி தகுதி இருக்கான்னு நேர்மையா பாத்துக்கோங்க. ஃபெலனி (பெரிய குற்றம்) தண்டனை, குடும்ப வன்முறை வழக்குல தண்டனை, பொண்டாட்டி புருஷன் மேல வாங்கின ப்ரொடெக்டிவ் ஆர்டர், இதெல்லாம் இருந்தா முடியாது. நம்ம ஆளுங்க எதிர்பாக்காம விழற இடம் டிடபிள்யூஐ, அதாவது குடிச்சுட்டு வண்டி ஓட்டறது. டெக்சாஸ்ல மொத தடவை மாட்டினாலே பொதுவா கிளாஸ் பி (ஃபெலனிக்கு கீழ்மட்ட) குற்றம், தண்டனை ஆனா அஞ்சு வருஷத்துக்கு எல்டிசி கிடையாது. விவாகரத்தாகி சைல்ட் சப்போர்ட் பாக்கி இருந்தாலும் நிறுத்திடுவாங்க. கஞ்சா வேற மாநிலத்துல லீகல்தானேன்னு சொல்றவங்களுக்கு, துப்பாக்கி வாங்கும்போது கடையில நிரப்பற 4473 ஃபார்ம்லயே, மாநிலத்துல லீகல்னாலும் ஃபெடரல்ல இல்லன்னு எழுதியே வச்சிருக்காங்க. அதுல பொய் எழுதறது தனி குற்றம்.

அப்ளிகேஷன் டிபிஎஸ் வெப்சைட்லதான், நமக்கு டிரைவிங் லைசென்ஸ் குடுக்குற அதே டிபார்ட்மென்ட். 40 டாலர் ஃபீஸ், 2017க்கு முன்னாடி இது 140. அஞ்சு வருஷ விலாசம், வேலை எல்லாம் கேப்பாங்க, கன்சல்டிங்ல பிராஜெக்ட் பிராஜெக்டா ஊர் மாறினவங்க பழைய லீஸ் பேப்பர கையில வச்சுகிட்டு உக்காருங்க. எனக்கு சின்சினாட்டி அபார்ட்மென்ட் நம்பர் ஞாபகம் வராம பழைய அமேசான் ஆர்டர் ஹிஸ்டரில தேடி எடுத்தேன்.

அப்புறம் ரேகை. டிபிஎஸ் சொல்ற சென்டர்ல அப்பாயின்ட்மென்ட் போட்டு போகணும். பாத்திரம் கழுவுற விரலா இருந்தா ரெண்டு நாள் முன்னாடிலேர்ந்து நல்லா லோஷன் தடவுங்க, சிரிக்காதீங்க, எனக்கு மொத தடவை எடுத்தது தெளிவா இல்லன்னு திரும்பி வந்து மூணு வாரம் போச்சு. ரேகை எடுத்த அம்மா என் கட்டை விரல பாத்துட்டு "நீ என்ன கொத்தனாரா"ங்கற மாதிரி ஒரு பார்வை பாத்தாங்க.

கிளாஸ் 4லேர்ந்து 6 மணி நேரம். நாலே விஷயம்தான் நடத்தணும்னு சட்டமே சொல்லுது: ஆயுத சட்டமும் பலப்பிரயோகம் எப்ப பண்ணலாங்கறதும், துப்பாக்கி பாதுகாப்பு, சண்டை வராம பேசி முடிக்கறது, குழந்தைங்க கைக்கு எட்டாம வைக்கறது. ஆன்லைன்லயும் இந்த பகுதிய முடிக்கலாம், சுடறதுக்கு மட்டும் நேர்ல போனா போதும். என் கருத்து, நேர்லயே போங்க. எங்களுக்கு நடத்தினவர் ரிடையர்ட் போலீஸ், அவர் சொன்ன அரை மணி நேரக் கதைங்கதான் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு, ஸ்லைடு ஒண்ணும் ஞாபகம் இல்ல. கடைசில 25 கேள்வி டெஸ்ட், 70 சதவீதம் எடுத்தா பாஸ், கவனிச்சவங்க யாரும் ஃபெயில் ஆகறதில்ல.

அப்புறம்தான் ரேஞ்ச். 50 ரவுண்டு, மனுஷ உருவம் போட்ட பி-27ங்கற பேப்பர் டார்கெட். 3 யார்டுல 20, 7 யார்டுல 20, 15 யார்டுல 10. மொத்தம் 250 பாயின்ட், 175 எடுக்கணும். மூணு யார்டுன்னா நம்ம வீட்டு டைனிங் டேபிள் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். கஷ்டம்னு பாத்தா டைம்தான், மொத அஞ்சும் ஒவ்வொரு குண்டுக்கும் ரெண்டு செகண்டு. நான் காலர் வச்ச டி-ஷர்ட் மேல் பட்டன் திறந்து போயிருந்தேன், ஏழாவது யார்டுல பக்கத்து லேன்லேர்ந்து சூடான காலித் தோட்டா ஒண்ணு பறந்து வந்து கழுத்து வழியா உள்ள விழுந்துச்சு. அடுப்புலேர்ந்து எடுத்த கரண்டி நுனிய நெஞ்சுல வச்ச மாதிரி. அப்ப மனுஷன் இயல்பா என்ன பண்ணுவான், துள்ளுவான், கையில துப்பாக்கியோட. இன்ஸ்ட்ரக்டர் பின்னாடிலேர்ந்து தோள அமுக்கி பிடிச்சு, "எரியட்டும், மொதல்ல துப்பாக்கிய முன்னாடி பாத்தே கீழ வை"ன்னார். வச்சேன், அப்புறம்தான் சட்டைய உதறினேன். ஒரு வாரம் தழும்பு இருந்துச்சு. கழுத்து மூடின டி-ஷர்ட் போட்டுட்டு போங்க, பொண்ணுங்க சுடிதார்ல வராதீங்க. முன்ன பின்ன சுட்டதே இல்லன்னா டெஸ்ட் நாள்லயா மொதல்ல தொடுவீங்க, ரெண்டு தடவை தனியா ஒரு பேசிக் கிளாஸ் போயிட்டு வாங்க.

அவர் குடுக்குற எல்டிசி-100 சர்டிஃபிகேட்ட ஸ்கேன் பண்ணி ஏத்திட்டா முடிஞ்சது. எல்லாம் சரியா போய் சேந்தா 60 நாள்ல பதில் சொல்லணும்னு சட்டம், மேல விசாரிக்க ஏதாவது இருந்தா இன்னும் இழுக்கும்.

போர்டு படிக்கத் தெரியணும்

கார்டு வந்தப்புறம் வாசல் கண்ணாடிய பாக்குற பழக்கம் தானா வந்துடும். 30.06னு (சட்டப் பிரிவோட நம்பர்) ஒரு போர்டு இருந்தா எல்டிசிக்காரங்க மறைச்சு கொண்டு வரக்கூடாது, 30.07னா வெளிய தெரிய கொண்டு வரக்கூடாது, 30.05 லைசென்ஸ் இல்லாதவங்களுக்கு. 30.06, 30.07 ரெண்டும் இங்கிலீஷ்லயும் ஸ்பானிஷ்லயும், ஒரு இன்ச் உயர எழுத்துல, பளிச்சுன்னு வாசல்ல இருக்கணும். ஒரு துப்பாக்கி படத்த போட்டு மேல கோடு கிழிச்சிருந்தா அது சட்டப்படியான 30.06 ஆகாது, ஆனா நான் அதுக்கும் மரியாதை குடுத்து திரும்பிடுவேன், கடைக்காரர் வேணாங்கறார், அவர்கிட்ட போய் சட்டம் பேசி என்ன ஆகப் போகுது. 30.06 தாண்டி தெரியாம போயிட்டா 200 டாலர் வரைக்கும் அபராதம், ஆனா வாயால சொல்லியும் வெளிய போகலன்னா அது கிளாஸ் ஏ, ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில்.

சிவப்புல 51%னு போட்டிருந்தா அந்த இடத்து வருமானத்துல பாதிக்கு மேல அங்கயே குடிக்கற சரக்குலேர்ந்து வருதுன்னு அர்த்தம். பார். எல்டிசி இருந்தாலும் உள்ள கொண்டு போனா ஃபெலனி. பீர் விக்கற எல்லா ரெஸ்டாரன்டும் 51% ஆகாது, நம்ம பிரியாணி கடையில மசாலா தோசையும் பிரியாணியும்தான் காசு. ஆனா நீங்க ரெண்டு பெக் போட்டு போதையில இருந்தா அந்த கணக்கெல்லாம் உதவாது, அதுவே தனி குற்றம். என் வழக்கம், குடிக்கப் போற அன்னைக்கு துப்பாக்கி வீட்டு சேஃப்ல.

போர்டே இல்லன்னாலும் கொண்டு போகக் கூடாத இடம் உண்டு: ஸ்கூல் கட்டிடம், ஓட்டுப் போடற இடம், கோர்ட், ஏர்போர்ட்டோட செக்யூரிட்டிக்கு அப்பால. ஸ்போர்ட்ஸ் மேட்ச், ஆஸ்பத்திரி, தீம் பார்க்குக்கெல்லாம் சட்டத்துல நுணுக்கம் நிறைய, நான் யோசிக்கறதே இல்ல, வச்சுட்டு போயிடுவேன். பயோமெட்ரிக்ஸுக்குன்னு யுஎஸ்சிஐஎஸ் (இமிகிரேஷன்) ஆபீஸ் போவோம்ல, அது ஃபெடரல் கட்டிடம், அங்க எல்டிசி ஒரு பிரயோஜனமும் இல்ல. கோவில், சர்ச்சுல 2019லேர்ந்து நிர்வாகம் வேணாம்னு சொல்லாத வரைக்கும் அனுமதி, பல இடத்துல போர்டு இருக்கு, இல்லன்னாலும் பிரதட்சணம் வரும்போது சட்டை நழுவி தெரிஞ்சா மாமிங்க என்ன நினைப்பாங்கன்னு நீங்களே யோசிங்க. 2024ல டாலஸ் ஸ்டேட் ஃபேர் (மாநில பொருட்காட்சி) நிர்வாகம் லைசென்ஸ் இருந்தாலும் துப்பாக்கி கூடாதுன்னு சொல்லி, மாநில அட்டர்னி ஜெனரலே கேஸ் போட்டு, டெக்சாஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயும் அந்த வருஷம் தடை நின்னுடுச்சு. நிலைமை வருஷா வருஷம் மாறும்ங்கறதுக்கு அது உதாரணம்.

ஆபீஸ்: உங்க கார்ல பூட்டி பார்க்கிங்ல வைக்கறத பெரும்பாலான கம்பெனி தடுக்க முடியாது, 2011 சட்டம். கட்டிடத்துக்குள்ள கூடாதுன்னு அவங்க சொல்லலாம், மீறினா வேலை போகும், எச்ஆர் பாலிசிய படிங்க. ஆனா ராத்திரி கார்ல விட்டுட்டு தூங்கப் போகாதீங்க, கண்ணாடிய உடைச்சு எடுத்துட்டு போறவன் துப்பாக்கிக்காகவே தேடறான்.

போலீஸ் நிறுத்தினா, வீட்டுல வச்சா, வெளியூர் போனா

கேரி பண்ணிட்டு இருக்கும்போது போலீஸ் ஐடி கேட்டா டிரைவிங் லைசென்ஸோட எல்டிசியும் சேத்து காட்டணும்னு சட்டம். கை ரெண்டும் ஸ்டியரிங் மேல, ஜன்னல் இறக்கி, ராத்திரின்னா உள்ள லைட் போட்டு, "எல்டிசி இருக்கு, துப்பாக்கி வலது இடுப்புல, பர்ஸ் எடுக்கலாமா"ன்னு கேளுங்க. துப்பாக்கிங்கற வார்த்தைய மொதல்ல சொல்லாதீங்க, லைசென்ஸ்ங்கற வார்த்தைய மொதல்ல சொல்லுங்க. எங்க இன்ஸ்ட்ரக்டர் இந்த ஒரு வரிய எட்டு தடவை சொல்ல வச்சார்.

வீட்டுல 17 வயசுக்கு கீழ உள்ள பிள்ளை எடுக்கற மாதிரி லோடு பண்ணி வச்சிருந்தா அப்பா அம்மா மேல கேஸ், பிள்ளை சுட்டு யாருக்காவது உயிர் போனா கிளாஸ் ஏ. புடவை அடுக்குக்கு அடியில வைக்கறதெல்லாம் ஒளிச்சு வைக்கறதுல சேராதுங்க, நம்ம பிள்ளைங்களுக்கு பிறந்தநாள் கிஃப்ட் எங்க இருக்குன்னு ஒரு வாரம் முன்னாடியே தெரியுது. விரல் வச்சு திறக்குற சின்ன சேஃப் ஒண்ணு வாங்குங்க, சுவத்துல ஸ்க்ரூ போட்டு. போன வருஷம் அப்பா பி2 விசிட்டர் விசாவுல வந்திருந்தார். எங்க பெரியப்பாகிட்ட ஒரு டபுள் பேரல் இருந்துச்சு, எலெக்‌ஷன் வந்தா கொண்டு போய் ஸ்டேஷன்ல ஒப்படைச்சுட்டு முடிஞ்சதும் வாங்கிட்டு வருவார், அந்த ஞாபகத்துல அப்பா "எங்கடா, காட்டு, புடிச்சு பாக்கறேன்"ன்னார். விசா விஷயத்த சொன்னேன். "சொந்த மவன் வீட்டுல தொடக்கூடாதாக்கும்"னு ரெண்டு நாள் முகம் குடுத்து பேசல. பரவால்லன்னு விட்டுட்டேன்.

ரோடு ட்ரிப் போறவங்க: ஓக்லஹோமா, லூசியானா, நியூ மெக்சிகோல எல்லாம் டெக்சாஸ் கார்டு செல்லும். கலிஃபோர்னியா, நியூ யார்க், நியூ ஜெர்சி, இல்லினாய், மேரிலாண்டு, ஹவாய்ல செல்லாது. 2022ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட் ப்ரூயன் வழக்குல, விசேஷ காரணம் காட்டினாதான் லைசென்ஸ்னு நியூ யார்க் சொன்னது செல்லாதுன்னு தீர்ப்பு சொன்னாலும், வேற மாநிலத்து கார்ட அவங்க ஏத்துக்கணும்னு அதுல இல்ல. நியூ யார்க்ல இப்ப 16 மணி நேரம் கிளாஸ், 2 மணி நேரம் சுடற பயிற்சி. வழியில அந்த மாதிரி மாநிலத்த தாண்டித்தான் போகணும்னா துப்பாக்கியிலேர்ந்து தோட்டாவ வெளிய எடுத்து, பூட்டின பெட்டியில, கைக்கு எட்டாம டிக்கில வச்சு நிக்காம போயிடணும், 1986 ஃபெடரல் சட்டம் அவ்வளவுதான் காப்பாத்தும். கிளம்பற அன்னைக்கு அந்தந்த மாநிலத்தோட அரசாங்க பக்கத்த பாத்துடுங்க. ஃப்ளைட்னா தோட்டா இல்லாம, பூட்டின கெட்டியான பெட்டியில, செக்-இன் கவுன்டர்ல வாயால சொல்லி குடுக்கணும், சேருற ஊர் எதுன்னும் யோசிச்சுட்டு.

எப்ப சுடலாம்னு கேக்கறவங்களுக்கு, டெக்சாஸ் பீனல் கோட் (குற்றவியல் சட்டம்) 9ம் அதிகாரத்துல இருக்கு. டெக்சாஸ்ல ராத்திரி திருட்ட தடுக்க சுடறதுக்கு கூட சட்டத்துல சில நிபந்தனையோட இடம் இருக்கு, இத சொன்னா நம்ம ஆளுங்க கண்ணு விரியும். அந்த நிபந்தனைய ஜூரி முன்னாடி நிரூபிக்கறதுக்கு ஆகுற வக்கீல் செலவுல நாலு கார் வாங்கலாம்னு இன்ஸ்ட்ரக்டர் சொன்னார். கிரீன் கார்டு இருக்கறவங்க அதோட இமிகிரேஷன் வக்கீலையும் சேத்துக்கோங்க.

மொத கார்டு நாலு வருஷம் முடிஞ்சு வர்ற பிறந்தநாள் வரைக்கும், அப்புறம் ரெனியூ பண்ணா அஞ்சஞ்சு வருஷம், திரும்ப கிளாஸ் கிடையாது, ஆன்லைன்லயே 40 டாலர். வீடு மாறினா 30 நாளைக்குள்ள டிபிஎஸ்க்கு விலாசம் சொல்லணும், டிரைவிங் லைசென்ஸ்ல மாத்துறது வேற, இது வேற, ரெண்டையும் தனித்தனியா மாத்துங்க.